தவசிக்கு மூணாவது அட்டெம்ப்ட்

உக்காருங்கம்மா, இடம் இருக்கு. பையை இப்படிக் குடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். டோக்கன் வாங்கிட்டீங்கல்ல? அப்ப முதல்ல அதைப் பாப்பா வாயிலருந்து எடுங்க. நம்பர் இருக்குற பக்கத்தையே தின்னுட்டா. பரவால்ல, நான் சாட்சி சொல்றேன், எங்களுக்கு அடுத்தது நீங்கதான்.

எங்களுது உள்ள நடந்துக்கிட்டு இருக்கு. என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. எந்தப் பரிட்சை ஹாலுக்குள்ள இருந்தும் என்னை யாரும் இதுவரைக்கும் வெளிய அனுப்புனதில்ல தாயி. நான்தான் மத்தவங்களை அனுப்பியிருக்கேன். சாத்தூர்ப் பக்கம் வந்து உகந்தா டீச்சர்னு கேளுங்க, டீக்கடையில உக்காந்திருக்கிறவன் கூட எந்திரிச்சு நின்னு வழி சொல்லுவான். முழுப்பேரு வெயிலுகந்தம்மாள். ரிட்டையர்டாயிட்டேன், இப்ப வீட்டுல டியூஷன். எங்கிட்டப் படிச்சு ஃபெயிலானவன்னு எவனும் கிடையாது. பால்பாண்டி ஒருத்தன் உண்டு, அவன் கதை தனி, பெறகு சொல்றேன்.

உள்ள இருக்கிறது என் தம்பி, தவசி. நாப்பது வயசாகப் போகுது. மனவளர்ச்சின்னு எழுதுறாங்க, அறிவுசார் குறைபாடுன்னு எழுதுறாங்க, என்னத்தையோ எழுதட்டும். என்னைக் கேட்டா ஸ்லோ லேர்னர், அவ்வளவுதான். அம்மா சாகும்போது அவன் கையைப் புடிச்சு என் கையில குடுத்துட்டுப் போனாங்க. அக்கான்னு கூப்பிட மாட்டான். வீட்டுக்கு வர்ற பிள்ளைக எல்லாம் டீச்சர் டீச்சர்னுதா, அவனும் அதையே புடிச்சுக்கிட்டான். டியூஷன்ல கடைசி வரிசையில அவனுக்குன்னு ஒரு மனைப்பலகை. எத்தனையோ பேட்ச் பாஸாகி வேலைக்குப் போயி பிள்ளை குட்டி பெத்தாச்சு. அவன் அதே பலகையில உக்காந்திருக்கான். அட்டெண்டன்ஸ் மட்டும் பாத்தா அவன்தான் ஃபர்ஸ்ட்.

இருங்க, இருங்க. அந்தக் கதவு சரியாச் சாத்தாது, காதைக் குடுத்தா கேக்கும். மழை பெஞ்சா என்ன செய்வீங்கன்னு கேக்குது டாக்டரம்மா. குடை. டே, குடைன்னு சொல்லுடா. என்ன சொல்றான்? "நனைவேன்"ங்கிறான்.

பொய்யில்ல, நனையத்தான் செய்வான். பாதி மார்க் குடுக்கலாம்.

எதுக்கு இந்த சர்டிபிகேட்னு கேக்குறீங்களா? உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான். போன ஐப்பசியில நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். பக்கத்து வீட்டு முத்துச்செல்விதான் வேளாவேளைக்கு அவனுக்குச் சோத்தைக் கொண்டு போயி வச்சிருக்கா. வச்சது வச்சபடியே இருந்திருக்கு. நான் வீட்டுக்கு வந்து தட்டை வச்சு, "சாப்பிடுடா"ன்னு சொன்னேன். அன்னைக்கு ஒரே இருப்புல பானையில பருக்கை இல்லாம தின்னான். அவ வச்சப்ப பசி இருந்திருக்காது. நான் அப்படித்தான் முத்துச்செல்விகிட்டச் சொன்னேன். சொல்லிட்டு வந்து படுத்தா தூக்கம் வரல தாயி. இன்னைக்கு வரைக்கும் சரியாத் தூக்கம் கிடையாது. பயம்தான், வேற என்ன.

அப்பத்தான் ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு ஒரு மையம் இருக்குன்னு சொன்னாங்க. இவனை மாதிரிப் பெரியவங்களைப் பகல்ல வச்சுப் பாத்துக்கிறாங்க. வேன் வந்து கூட்டிட்டுப் போகும், மத்தியானம் சாப்பாடு, ஊதுபத்தி பாக்கெட் போட்டுப் பழக்குறாங்க. வீட்டுல ஆளில்லாமப் போயிட்டா அங்கனயே தங்கவும் வச்சுக்கிறாங்களாம். பழகிப் பாக்கட்டும்னு ஒரு வாரம் விட்டேன். அந்த வாரம் பூரா விடியுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு செருப்பை மாட்டிட்டு வாசல்ல நிக்கிறான். அங்க கன்னியப்பன்னு ஒருத்தர் சிநேகிதம். அவருக்குப் பேச்சு வராது. இவன் பேசிக்கிட்டே இருப்பான், அவரு கேட்டுக்கிட்டே இருப்பாரு. இவன் எல்லாம் தப்புத் தப்பாப் பேசுறான், அந்த மனுசன் ஒண்ணைக் கூடத் திருத்துறது கிடையாது. அதுல எனக்கு அவரு மேல கொஞ்சம் வருத்தந்தான்.

மையத்துல சேக்கணும்னா மாற்றுத்திறனாளின்னு அரசாங்கக் கார்டு வேணும்னு சொல்லிட்டாங்க. கார்டுக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட் எடுக்கணும். டெஸ்ட்டுன்னு சொன்னாங்கல்ல, பெறகு என்ன, நான் இறங்கிட்டேன்.

அங்க மகனை விட்டிருக்கிற ஒரு அம்மாகிட்ட போயி, உங்க பையனுக்கு என்னென்ன கேட்டாங்கன்னு விசாரிச்சேன். ஞாபகம் இருந்ததை எல்லாம் சொல்லுச்சு. பழைய கொஸ்டின் பேப்பர் கெடச்ச மாதிரிதானே? உக்கார வச்சேன் தவசியை. காலையில கிழமை, மாசம். மத்தியானம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன வித்தியாசம், தீப்புடிச்சா என்ன செய்யணும். சாயங்காலம் வட்டம், சதுரம். சனிக்கிழமை மாடல் எக்ஸாம். வாய்ப்பாட்டு ராகத்துல சொல்லிக் குடுத்தாத்தான் அவனுக்கு ஏறும். ஏத்திட்டேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் "தீப்புடிச்சாத் தண்ணி ஊத்து, பெரியவங்களைக் கூப்பிடு"ன்னு பாடுவான். ஒரு நாள் முத்துச்செல்வி சும்மா தவசி தவசின்னு கத்திக் கூப்பிட்டதுக்கு, தீப்புடிச்சிருச்சுன்னு தண்ணி ஊத்திட்டான். அவ மேலதான். அப்ளிகேஷன் கொஸ்டின்ல கொஞ்சம் வீக்.

மொதத் தடவை வந்தப்ப இந்தப் பொண்ணு இல்ல. வயசான ஒரு சார் இருந்தாரு. அன்னைக்குக் கூட்டம்னா அப்பேர்ப்பட்ட கூட்டம், அவருக்குச் சாப்பாட்டு நேரம் வேற. அவரு கேக்க கேக்க, இவன் ராகம் போட்டு அடிச்சு விடுறான். நான் சொல்லிக் குடுத்த வரிசை மாறாம அவரும் கேக்குறாரு. என்ன அதிசயம்னு பாருங்க, கொஸ்டின் பேப்பரை மாத்தவே மாட்டாங்க போல. எங்க ஸ்கூல்ல அப்படிச் செஞ்சா இன்ஸ்பெக்ஷனுக்கு ஏஇஓ வந்து நின்னுருவாரு. "நல்லாச் சொல்றாரேம்மா"ன்னு சொன்னாரு அந்த சாரு. நான் முறுக்குப் பாக்கெட் வாங்கியாந்து இந்த பெஞ்சுல இருந்தவங்களுக்கெல்லாம் குடுத்தேன்.

பேப்பர் கைக்கு வருது, இருவத்தஞ்சு சதவீதம்.

இருவத்தஞ்சுன்னா ஃபெயில்தானே தாயி? எங்கிட்டப் படிச்சவனுக்கு இருவத்தஞ்சா? அவ்வளவு நல்லாச் சொன்ன பிள்ளைக்கு? நேரா கார்டு குடுக்கிற மாவட்ட ஆபீசுக்குப் போயிட்டேன், ரீவேல்யுவேஷன் போடணும்னு. அங்க போனா சீட்டுல பால்பாண்டி. ஏழாவதுல எங்கிட்டப் படிச்சவன். என்னைப் பாத்ததும் எந்திரிச்சுக் கையைக் கட்டிட்டான். "டீச்சர், நாப்பது இருந்தாத்தான் கார்டு தர முடியும்"னான். எனக்குத் தெரியும்டா, மறு தேர்வு எப்பன்னு சொல்லுன்னேன். அவன் தலையைச் சொறிஞ்சான். "டீச்சர், இது மார்க் இல்ல டீச்சர். அவரால எவ்வளவு முடியலைங்கிறதுக்குத்தான் பெர்சன்டேஜ். அவரு நல்லாச் சொன்னா இது கொறையும்"ங்கிறான்.

சதவீதக் கணக்குல இவன் வாங்குன முட்டைய நான் இன்னும் மறக்கல. லாப நட்டக் கணக்குல வாழைப்பழக்காரனுக்கு வாழைப்பழத்தை விட நட்டம் அதிகமாக் காட்டுனவன். அவன் எனக்குச் சதவீதம் சொல்லித் தர்றான். உக்காருடா, மறு தேர்வுக்கு எழுதிக் குடுன்னு வாங்கிட்டு வந்துட்டேன். அவன் நான் வெளிய வர்ற வரைக்கும் உக்காரலை, அது அவங்கிட்ட உள்ள நல்ல குணம்.

நாப்பதுதானே வேணும்? தவசிக்கு டபுள் கோச்சிங். விடியக்காலையில எழுப்பிவிட்டேன். மையத்துக்குப் போகணும்னா படிக்கணும்டான்னு சொன்னா, "கன்னியப்பன் படிச்சாரா டீச்சர்"னு கேட்டான். எதுத்துப் பேசாதன்னேன்.

என்னம்மா உள்ள சிரிப்புச் சத்தம்? டெஸ்ட் எடுக்கையில என்ன சிரிப்பு. "இது என்ன படம்"னு கேக்குதா? யானை... இல்ல, ஏதோ மிருகத்துப் பேரு சொல்றான், காதுல விழல. இதெல்லாம் அவுட் ஆஃப் சிலபஸ். யானை நான் நடத்தவே இல்ல.

எதுல விட்டேன்? ஆங், ரெண்டாவது அட்டெம்ப்ட். அன்னைக்குத்தான் இந்த டாக்டரம்மா வந்திருந்துச்சு. ஃபர்ஹானான்னு பேரு, சின்னப் பொண்ணு, தங்கமான குணம், ஆனா டிசிப்ளின் பத்தாது. "வாங்கண்ணே, உக்காருங்க"ன்னுச்சு. அவ்வளவுதான், இவன் உக்காரக் கூட இல்ல. திங்கள்ல ஆரம்பிச்சு, ஆடு மாடு, தீப்புடிச்சாத் தண்ணி, வட்டம் சதுரம் வரைக்கும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுட்டு என்னையப் பாக்குறான். கேள்வியே கேக்காம பதில் சொல்ற பிள்ளைய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? எனக்குப் பெருமை தாங்கல. அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வச்சுட்டு, "யாரு இவருக்குச் சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டுச்சு. நான்தான்னு எந்திரிச்சு நின்னேன்.

பெறகு பால்பாண்டி சொன்னதையேதான் அதுவும் சொல்லுச்சு. இது மார்க் இல்ல டீச்சர், அண்ணனுக்கு எவ்வளவு ஒத்தாசை வேணும்னு பாக்குறதுக்குத்தான்னு. டாக்டருக்குப் படிச்ச பிள்ளை சொன்னா ஒத்துக்கத்தான் வேணும். ஒத்துக்கிட்டேன். இனி உங்ககிட்டக் கேக்குறேன், உண்மையைச் சொல்லுங்கன்னுச்சு. சொன்னேன்.

அவரே குளிப்பாரான்னு கேட்டுச்சு. குளிப்பான்னேன். தண்ணி நான் ஊத்துவேன், சோப்பு நான் போடுவேன், அவன் நிப்பான். பல்லு? வெளக்குவான். பேஸ்ட் வச்சு பிரஷ்ஷை நான் புடிச்சுக்கிட்டா வாயைத் தெறக்குறது அவந்தானே? சட்டைப் பட்டன்? அவனே பூட்டுவான். ஓட்டைக்குள்ள நான் நுழைச்சு விட்டா அந்தப் பக்கம் இழுத்துருவான். ஒத்தையில கடைக்குப் போவாரா? தாராளமாப் போவான். நான் பின்னாலயே போறது எனக்கு ஒரு நடைப்பயிற்சி.

நான் எதையும் கூட்டிச் சொல்லல தாயி. அம்மா இருக்கையில இருந்தே யாரு கேட்டாலும் எங்க வீட்டுல இதான் பதில். கல்யாண வீட்டுல கேப்பாங்க, கோயில்ல கேப்பாங்க, உங்க தம்பி எப்படி, எல்லாம் செய்வானான்னு ஒரு மாதிரி கேப்பாங்க பாருங்க. எல்லாம் செய்வான்னு பட்டுன்னு சொல்லிருவேன். அப்பத்தான் வாயை மூடுவாங்க. உங்களுக்கும் தெரியும்ல? பாப்பாவைப் பத்திக் கேக்க மாட்டாங்களா? ம், கேப்பாங்க.

அந்தப் பொண்ணு எழுதுனதை எல்லாம் கூட்டிப் பாத்துச்சு. பெறகு, "டீச்சர், இப்படிச் சொன்னீங்கன்னா இந்தத் தடவை இருவத்தஞ்சு கூட வராது"ன்னுச்சு. இன்னொரு நாள் வாங்க, கேள்வியை மாத்திடுறேன், வீட்டுல எதையும் சொல்லிக் குடுக்காதீங்க, அன்னைக்கு நீங்க வெளியதான் உக்காரணும்னு சொல்லி அனுப்பிருச்சு. அன்னைலருந்து நான் அவனுக்கு ஒரு எழுத்துக் கூடச் சொல்லிக் குடுக்கல. காலையில வரும்போது பஸ்ல லேசா ஒரு ரிவிஷன். அதுவும் கண்டக்டர்தான் கூடச் சேந்து பாடி வளத்து விட்டாரு.

இந்த மாசத்தோட அந்த மையத்துல இடம் போயிரும்மா. காத்துக்கிட்டு இருக்கிற ஆளுக அம்புட்டுப் பேரு. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான், கன்னியப்பனும் கிடையாது, வேனும் கிடையாது. நானும் அவனும் அந்த வீடும்தான்.

ஏன் இவ்வளவு நேரம் சத்தமே இல்ல? டே தவசி... இல்ல, நான் கூப்பிடல. கூப்பிட மாட்டேன்னு அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

என்னையா? உள்ளயா? வர்றேம்மா. இந்தாங்க தாயி உங்க பை. டோக்கனை மறுபடி வாயில வச்சுட்டா பாருங்க.

*

வந்துட்டேன். கொஞ்சம் நகருங்க.

அவனை ஃபோட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அந்த நர்ஸம்மா கையைப் புடிச்சுக்கிட்டு, என்னைத் திரும்பிக் கூடப் பாக்காமப் போயிட்டான். தண்ணி வச்சிருக்கீங்களா? குடுங்க.

என்ன நடந்துச்சுன்னா, என்னை அவன் பக்கத்துல உக்கார வச்சுட்டு, அன்னைக்குக் கேட்டதையே திரும்பக் கேக்குது அந்தப் பொண்ணு. "அண்ணனே குளிப்பாரா டீச்சர்?" கார்டு வேணும்ல, இல்லைன்னு சொல்லணும், அது எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா பக்கத்துல அவன் உக்காந்திருக்கான். நான் என்ன சொல்லப் போறேன்னு வாயையே பாத்துக்கிட்டு இருக்கான். அவனை வச்சுக்கிட்டு அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்படிம்மா சொல்றது? குளிப்பான்னு சொல்லிட்டேன். பழக்கம், தானா வந்துருச்சு.

உடனே அவன், "தப்பு"ங்கிறான்.

எனக்கு ஒண்ணுமே புரியல. அந்தப் பொண்ணு பல்லைக் கேக்குது. வெளக்குவான்னேன். "தப்பு. டீச்சர் வெளக்கும்." பட்டன்? "தப்பு. டீச்சர்." கடை? "டீச்சர் பின்னால வரும்." வாழ்க்கையில மொதத் தடவையா எனக்குத் தப்புப் போடுறான், அதுல அவனுக்கு என்ன குஷிங்கிறீங்க. மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். நான் ஒண்ணு சொல்ல, அவன் தப்புங்க, அந்தப் பொண்ணும் சிரிக்க, எனக்கே சிரிப்பு வந்துருச்சு. கடைசில பாத்தா எனக்கு முட்டை. ஒரு பதில் கூடச் சரியில்ல.

அவனுக்கு எழுபத்தஞ்சு. எங்க ஸ்கூல்ல அது டிஸ்டிங்ஷன். கார்டு வந்துரும், மையத்துக்கு நானே போன் போட்டுச் சொல்லிடுறேன்னு சொல்லிருச்சு. திங்கக்கிழமை வேன் வருது. கன்னியப்பனைப் பாக்கலாம்டான்னதும் அங்கனயே செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டான், காலுலதான் போட்டிருக்கான்.

சந்தோசந்தான் தாயி. இது சந்தோசத்துல வர்ற தண்ணிதான். இருங்க, மூக்கைச் சிந்திக்கிறேன்.

கடைசியா ஒண்ணு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்ததா, அந்த வேகத்துலயே கேட்டுருச்சு. "அண்ணே, டீச்சர் வரலைன்னா என்ன செய்வீங்க?"ன்னு. இவன் யோசிக்கவே இல்ல. நான் சொல்லிக் குடுத்ததும் இல்ல, யாரும் சொல்லிக் குடுத்ததும் இல்ல. கையைத் தட்டிக்கிட்டு, "டீச்சர் வரலைன்னா லீவு"ங்கிறான்.

அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டே இருந்த பேனாவை நிறுத்திருச்சு. எனக்கு மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. டியூஷன்ல அவன் பாத்தது அதானே, நான் படுத்துட்டா பிள்ளைக பையைத் தூக்கிட்டு ஓடிரும். சரியாத்தான் சொல்றான், முழு மார்க் குடுக்கணும்னு நெனச்சுக்கிட்டே வெளிய வந்தேன். இங்க வந்து உக்காந்த பெறகுதான் தாயி உறைக்குது. லீவு விட்டா மத்த பிள்ளைக வீட்டுக்குப் போகும். இவன் எங்க போவான்?